பெருமாள் வாங்கிய புகை அடுப்பு

பெருமாளின் மூக்கு செத்து நான்கு வருஷம் ஆகிறது. இந்தச் சேதி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் வேலூரில் மூக்கு பார்க்கிற டாக்டர். பெருமாள் போன அன்றைக்கு மட்டும் அறுபது மூக்கு பார்த்திருப்பார், இதற்குள் மறந்தும் இருப்பார். இன்னொருவர் பெருமாள். அவருக்குத்தான் மறக்கிற வசதி இல்லை.

மற்ற எல்லோருக்கும் அவர் இன்னமும் 'மூக்கு' பெருமாள்தான். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற சாலையில் இருக்கிற ஒரு தோல் கம்பெனியில் கழிவுநீர்ப் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீரும் மருந்துத் தண்ணீரும் ஓடிவந்து சேறாகப் படிகிற ஆழக்குழி ஒன்று அங்கே உண்டு. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை அதைத் திறந்து ஆள் இறங்கிச் சுரண்ட வேண்டும். அடியில் விஷக்காற்று தங்கியிருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அப்போது இறங்கினவன் ஏறி வர மாட்டான். அந்தக் காற்றை அளக்கக் கம்பெனியில் ஒரு மீட்டர் இருந்தது. ரிப்பேருக்கு மெட்ராஸ் போனது, போன இடம் பிடித்துப்போய்விட்டது போலும். "நம்ம பெருமாள் மூக்கு இருக்கறப்ப மீட்டர் எதுக்கு?" என்று மானேஜர் பரணிதரன் கையெழுத்துப் போடாமலே அந்தப் பதவியை அவர் மூக்குக்குக் கொடுத்துவிட்டார்.

மூடியைத் தூக்கியதும் பெருமாள் குழி ஓரத்தில் குந்துவார். கண்ணை மூடி மோந்து பார்ப்பார். "எறங்கலாம்" என்பார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன் அன்பரசன், பெருமாளின் மனைவி விஜயகுமாரிக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி. மாமா மூக்கின் மேல் அவனுக்கு அத்தனை நம்பிக்கை. சாமி கும்பிடாமல்கூட இறங்குவான்.

கொரோனா வந்து படுத்து எழுந்தபோது வாசனை போயிருந்தது. ஊரில் பாதிப் பேருக்குப் போனது, பாதிப் பேருக்கு வந்தது, நமக்கும் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று பெருமாள் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே குழி திறந்தார்கள். காற்று ஊதுகிற மிஷினை இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடவிட்டு, குந்தி மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "எறங்கலாம்" என்றார். ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் உண்மையைச் சொல்வதென்றால், இந்தத் தடவைக்கு மட்டும் சொல்லி முடியாது. போன தடவைக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் அந்தப் பதில் நீண்டுகொண்டே போனது.

வரும் திங்கட்கிழமை குழி. இன்றைக்கு வியாழன். அதனால்தான் அவர் ஜியாவுல்லா பாய் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

காரணம் இதுதான். கம்பெனி கெஸ்ட் ஹவுசில் இரண்டு வருஷம் தங்கியிருந்த அமெரிக்கக்காரர் ஒருவர், ஷூ சரிபார்க்க வந்தவர், போன மாதம் ஊர் திரும்பினார். போகிறதற்கு முன்னால் வராந்தாவில் ஒரு இரும்பு அடுப்பை வைத்து, பகல் முழுக்கப் புகையில் இறைச்சியை வேகவைத்து எல்லோருக்கும் அறுத்துக் கொடுத்தார். கெஸ்ட் ஹவுஸ் சாக்கடை அடைப்பைப் பார்க்கப் போன பெருமாளுக்கும் ஒரு துண்டு வந்தது. வாயில் போட்டார். தொண்டைக்கு மேலே, மூக்குக்குப் பின்னால், கதவை யாரோ ஒரு விரலால் தட்டினது மாதிரி இருந்தது. புகை! நான்கு வருஷத்தில் முதல் முறையாக ஒரு வாசனை. இரண்டாவது துண்டு கேட்க வெட்கப்பட்டு, காலித் தட்டை முகத்தருகே பிடித்தபடி நின்றார்.

டாக்டர் சொன்ன கிராம்பையும் எலுமிச்சையையும் குளியலறைக் கதவைத் தாழ் போட்டு ஆறு மாதம் மோந்து பார்த்தவர் அவர். அதில் நடக்காதது இந்தப் புகையில் நடந்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் இன்னொரு தடவை தட்டினால் திறந்துவிடாதா?

ஜியாவுல்லாவின் கடை பைபாஸ் ஓரத்தில் இருந்தது. கப்பலில் போய்த் திரும்பி வந்த சரக்கு, காலி செய்த கெஸ்ட் ஹவுஸ் சாமான், வெள்ளைக்காரன் விட்டுப்போனது, எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும்.

"வா தோஸ்த், வா. நீ உள்ள வந்தாலே கடையில இருக்கற சரக்கெல்லாம் பயப்படுது," என்றார் ஜியாவுல்லா. "இன்னா வேணும்? மேல ஏறி நின்னு ஓடற மிஷின் இருக்குது. ஒரு நாள்கூட யாரும் ஓடல."

"அந்த அமெரிக்காக்காரன் அடுப்பு உன்கிட்ட வந்துச்சின்னு சொன்னாங்க பாய்."

"அடுப்பா? நல்லாச் சொன்ன. பெல்லட் ஸ்மோக்கர்னு சொல்லு. அடுப்புன்னா அது கோச்சிக்கும்."

கறுப்பாக, சக்கரம் வைத்து, சவப்பெட்டிக்கும் தையல் மிஷினுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி அது மூலையில் நின்றது. ஜியாவுல்லா மூடியைத் திறந்து காட்டினார். பக்கத்துப் பெட்டியில் மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகளைக் கொட்ட வேண்டும். அதுதான் பெல்லட். உள்ளே ஒரு திருகுக் கம்பி சுற்றிச் சுற்றி அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். சின்ன விசிறி ஊதும். எவ்வளவு சூடு வேண்டுமோ பொத்தானில் வைத்துவிட்டால் போதும்.

"வச்சிட்டு நீ போய்த் தூங்கு. அது பாட்டுக்கு வேலை செய்யும். என் கடை ஆளுங்களும் இப்பிடி இருந்தா நான் ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்திருப்பேன்."

"கரண்ட்டு?"

"அமெரிக்கா கரண்ட்டு நம்ம கரண்ட்டுல பாதிதான். நடுவுல ஒரு பொட்டி வைக்கணும். அதையும் தர்றேன்."

"புகை ஜாஸ்தி வருமா?"

ஜியாவுல்லா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "முப்பது வருஷமா யாவாரம் பண்றேன். அடுப்பு வாங்கறவன் புகை கம்மியா வருமான்னு கேட்டுத்தான் பாத்திருக்கேன். உனக்கு இன்னா, கொசுத் தொல்லையா?"

"சொல்லு பாய்."

"உண்மையச் சொல்லட்டா? இதுல புகை மெல்லிசா வரும். பொம்பளைங்க கண்ணு கலங்காது. உனக்கு ஜாஸ்திதான் வேணும்னா இதப் பாரு." பக்கத்தில் துணி போட்டு மூடியிருந்ததைப் பெருமையோடு இழுத்தார். நீளவாக்கில் பிளந்து, கீல் வைத்து, காலடித்து, கறுப்புப் பெயின்ட் பூசிய இரும்பு டிரம். "நாட்டுச் சரக்கு. கரியும் போடலாம், கட்டையும் போடலாம். கரண்ட்டு வேணாம், பொட்டி வேணாம். புகைன்னா புகை, பக்கத்துத் தெரு வரைக்கும் போவும். விலையும் பாதிக்குப் பாதி கம்மி."

பெருமாள் இரண்டுக்கும் நடுவில் நின்றார். புகை வேண்டுமென்றால் டிரம். ஆனால் டிரம்மின் இடுப்பில் ஓடுகிற மூன்று வளையங்களை அவர் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வார். அவர் கம்பெனியில் சாயமும் மருந்தும் இறங்குகிற டிரம் அது.

"இதுல இன்னா வந்துச்சி பாய்?"

"தண்ணி வந்துச்சி."

"பாய்."

"மூணு தடவை சோடாப் போட்டுக் கழுவியிருக்கு. நீதான் மூக்கு ஆச்சே, மோந்து பாரு. ஒரு துளி வாசனை வந்தா என் பேரை மாத்திக்கறேன்."

பெருமாள் குனிந்தார். முப்பது வருஷப் பழக்கத்தில் கண் தானாக மூடிக்கொண்டது. உள்ளே இழுத்தார். ஒன்றும் இல்லை. வெறும் காற்று, குளிர்ந்த காற்று. அவர் தலையைத் தூக்கவில்லை. என்ன சொல்வது என்று யோசிக்க அந்த இடம் வசதியாக இருந்தது. பிறகு நிமிர்ந்து, மூக்கை ஒரு சுளிப்புச் சுளித்தார்.

"வருது பாய்."

ஜியாவுல்லாவின் முகம் விழுந்தது. "தெரியும். என் மவன்கிட்டச் சொன்னேன், மூக்கு வந்தா இது நிக்காதுடான்னு. வேற எவனா இருந்தாலும் ஏமாத்தியிருப்பேன். உன்கிட்ட முடியல." துணியை மறுபடி இழுத்து மூடினார்.

பெருமாளுக்குப் பயம் வந்தது. பொய் சொன்னதற்காக இல்லை. எத்தனை சுலபமாக நம்பிவிட்டார் என்பதற்காக. இவ்வளவு விவரமான வியாபாரி, கண்ணெதிரே நின்றவர், ஒரு சுளிப்பில் விழுந்துவிட்டார். குழி ஓரத்தில் கயிறு கட்டிக்கொண்டு நிற்கிறவன் எம்மாத்திரம்?

கடையில் வேறு ஈ காக்கை இல்லை. இருந்தாலும் ஜியாவுல்லா தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கைகள் மீதும் போட்டார். தோல் சந்தைக்காரர்களுக்கு விலை வாயால் பேசினால் விலை மாதிரியே இருக்காது. துண்டுக்கு அடியில் அவர் இரண்டு விரலைப் பிடித்தார், இவர் ஒன்றை மடக்கினார், அவர் உள்ளங்கையைச் சுரண்டினார், இவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார், அவர் விடவில்லை. அங்கே பேசினது அங்கேயே இருக்கட்டும். பெல்லட் ஸ்மோக்கரும், கரண்ட்டுப் பெட்டியும், அமெரிக்கக்காரர் மிச்சம் விட்ட ஒரு மூட்டை பெல்லட்டும் குட்டி யானை வண்டியில் ஏறின.

"ஒரு பேஜாரும் இருக்காது," என்றார் ஜியாவுல்லா, வண்டி கிளம்பிய பிறகு.

வீட்டு மாடியில் அதை இறக்கியபோது விஜயகுமாரி ஷூ கம்பெனி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். மேல்தோல் தைக்கிற லைனுக்கு அவள் லீடர். ஒரு நாளைக்கு நாற்பது பெண்களின் தையலில் கோணல் பார்க்கிறவள். புருஷனை நிமிர்ந்து பார்க்க அவளுக்குச் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அதிலும் தெரிய வேண்டியது தெரியும்.

"இன்னா இது?"

"சமைக்கறதுக்கு. ஞாயித்துக்கிழமை அன்புவையும் பூங்குழலியையும் சாப்பிடச் சொல்லியிருக்கேன்."

"அடுப்புல சமைக்கறது போதலையா?"

"அதுக்கில்ல விஜயா."

"அதுக்குத்தான். போன வாரம் சாம்பார் அடிப் புடிச்சி நாறுச்சி. வாயில வைக்க முடியல. நீங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்ட்டீங்க. அதுக்கு முந்தின மாசம் கெட்டுப்போன மீன வறுத்துட்டு, தூக்கிப் போடலாம்னு வச்சிருந்தேன், அதையும் சாப்ட்டீங்க. நல்லாருக்குன்னும் இல்ல, நாறுதுன்னும் இல்ல. மாட்டுக்குத் தீனி வச்ச மாதிரி இருக்குது எனக்கு." அவள் குரல் இறங்கியது. "நான் ஆக்கறது மேல இருந்த ஆசையெல்லாம் எங்க போச்சின்னு நாலு வருஷமா யோசிச்சிட்டுத்தான் இருக்கேன். கேக்கல."

சொல்லிவிடலாமென்று பெருமாளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவள் அடுத்த கேள்வி கேட்பாள். கோணல் பார்க்கிறவள், கேட்காமல் விடமாட்டாள்.

"மூட்டையை எங்க வைக்கட்டும்?" என்றார்.

வெள்ளிக்கிழமை அந்த மூட்டையைப் பிரித்தபோதுதான் ஜியாவுல்லா பெருந்தன்மையாகச் சும்மா கொடுத்ததன் காரணம் தெரிந்தது. கடைக் கூரை ஒழுகி எப்போதோ நனைந்திருக்கிறது. ஈரம் பட்ட பெல்லட் ஊதி, உதிர்ந்து, கோழிப் பண்ணையில் அள்ளிய தவிடு மாதிரி கிடந்தது. திருகுக் கம்பியில் போட்டால் கம்பிதான் சிக்கும். போன் பண்ணினார். "மரம்னா நனையத்தானே செய்யும் தோஸ்த்," என்றார் ஜியாவுல்லா. அமெரிக்காவிலிருந்து வரவழைக்க இருபது நாள் ஆகுமாம்.

இருபது நாள் யாரிடம் இருக்கிறது? சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு பெருமாள் கம்பெனி பாய்லர் பக்கம் போனார். மரக்கட்டை போட்டு எரித்த பாய்லருக்கு இப்போது இரண்டு வருஷமாக பெல்லட்தான். மூட்டை மூட்டையாக லாரியில் வருகிறது. பாய்லர் பார்க்கிற தேவசகாயம் வீட்டுக்குப் போய்விட்டான். சுவரோரம் தனியாக ஐந்தாறு மூட்டைகள் கிடந்தன. பிரித்துப் பார்த்தார். கடலைத் தொலியும் மரத்தூளும் அழுத்தின அதே குச்சித் துண்டுகள். விரல் நடுவில் வைத்து நசுக்கினார். இறுக்கமாக, வழவழவென்று, அமெரிக்கக்காரன் சரக்கைவிட நன்றாக இருந்தது. தோல் கம்பெனியில் விரல் பொய் சொல்லாது. பழக்கம் விடாமல் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்தார்.

ஒன்றும் இல்லை. அப்படியென்றால் சுத்தம்.

ஸ்கூட்டரில் மூட்டையை ஏற்றிப் பாதி வழி வந்த பிறகுதான் மனசில் அது நெருடியது. குழியைப் பார்த்தும் இத்தனை வருஷமாக மனசுக்குள் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். வண்டியை நிறுத்தவில்லை. பாலாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. அதிலும் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றுக்கு மாடியில் அடுப்பை ஏற்றினார். இரண்டு கோழி, மஞ்சள், மிளகு, பூண்டு அரைத்துப் பூசி விஜயகுமாரிதான் கொடுத்தாள். முகம் கொடுக்கவில்லை, கோழி கொடுத்தாள். அன்பரசன் வந்ததுமே மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மாமா, இதுக்குள்ள ஒரு ஆள் படுக்கலாம் போலிருக்கே."

"நீ படு. நான் பொத்தானை அமுக்கறேன்," என்றாள் அவன் மனைவி பூங்குழலி.

"கல்யாணமாகி மூணு வருஷமா அதைத்தானடி பண்ற."

பெருமாள் சிரித்தார். திருகுக் கம்பி கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது. விசிறி முனகியது. கொஞ்ச நேரத்தில் மூடி இடுக்கிலிருந்து புகை கசிந்தது. ஜியாவுல்லா சொன்ன மாதிரி மெல்லிசாக இல்லை. மஞ்சள் பாரித்து, கனமாக, தாராளமாக வந்தது. பெருமாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதற்கு நேர் எதிரே உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்தார். தொண்டையில் கரித்தது. கண் எரிந்தது. இதோ, வருகிறது; இதுதான்; இன்னும் கொஞ்சம். அன்றைக்குத் தட்டிய அந்த ஒரு விரலுக்காக அவர் உடம்பு முழுக்கக் காதாக இருந்தது.

"இன்னா வாசனை பாத்தியா அன்பு?" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இதுக்குத்தான் வாங்கினேன். நெஞ்சு வரைக்கும் எறங்குது."

யாரோ சுவரோரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தார். பூங்குழலி முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு மாடிச் சுவரோரம் ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். படியேறி வந்த விஜயகுமாரி பாதிப் படியில் நின்றுவிட்டாள். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த பெண் வாளியோடு திரும்பிப் போனாள். அன்பரசன் மட்டும் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை.

"ஐயோ, இன்னா எரியுது?" என்றாள் விஜயகுமாரி. "முடி எரியற நாத்தம். சுடுகாட்டுல வர்ற மாதிரி! நிறுத்துங்க அத!"

பெருமாள் பொத்தானைத் தேடினார். அன்பரசன்தான் ஒயரைப் பிடுங்கினான். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. தேவசகாயம். கை தவறி ஸ்பீக்கரில் விழுந்தது.

"அண்ணே, நேத்து பாய்லர்கிட்டேர்ந்து ஒரு மூட்டை எடுத்தீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. சுவத்தோரம் தனியா வச்சிருந்ததா? அத எதுக்கும் தொடாதீங்கண்ணே. புது சப்ளையர் திருட்டுப் பையன், மரத்தூளோட தோல் சீவின தூளக் கலந்து அமுக்கி அனுப்பியிருக்கான். குரோம் மருந்து ஏத்தின தோலு. எரிச்சா நாத்தம் தாங்கல. திருப்பி அனுப்பத்தான் ஒதுக்கி வச்சேன். ஆனா உங்களுக்கு நான் சொல்லணுமா? மூட்டையத் தொறந்தாலே குப்புன்னு அடிக்குமே. அண்ணே? இருக்கீங்களா?"

பெருமாள் போனை அணைத்தார்.

முதலில் வாயைத் திறந்தவள் பூங்குழலி. முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி, மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, ஆடி மாசம் குழி தொறந்தப்ப மோந்து பாத்தது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"உங்களுக்கு இந்த நாத்தம் வரலையா?"

ஜியாவுல்லாவிடம் ஒரு சுளிப்புப் போதுமாக இருந்தது. இங்கேயும் ஒன்று போட்டுப் பார்க்கலாம். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லலாம். அவர் மூக்கு அந்தச் சுளிப்புக்குத் தயாராகவும் ஆனது. ஆனால் அன்பரசன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரல," என்றார் பெருமாள். "எதுவும் வரல. கொரோனாவுல போனது."

"கொரோனாவுல போனதுன்னா?" அன்பரசன் சிரிக்கப் பார்த்தான். "மாமா, நான் உன்கிட்ட வேலைக்குச் சேந்ததே கொரோனாவுக்கு அப்புறம்தானே?"

"ஆமா."

அவன் விரல்களை மடக்க ஆரம்பித்தான். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று உதடு அசைந்தது. ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனது. "ஒம்போது," என்றான். "ஒம்போது தடவை எறங்கியிருக்கேன்."

"குழில காத்து ஊதற மிஷின ரெண்டு மணி நேரம் ஜாஸ்தியா ஓட விடுவேன்டா. கயித்த வேற யார் கையிலயும் கொடுத்ததில்ல. நான்தான்…"

"கயிறு," என்றான் அன்பரசன். "செத்தா மேல இழுக்கறதுக்கா?"

பூங்குழலி அவன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். செருப்பை மறந்து, வாசல் வரை போய், திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனாள். அண்ணியிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

விஜயகுமாரி கடைசிவரை படியில்தான் நின்றாள். "நான் வேற என்னென்னவோ நெனச்சிருக்கேன்," என்றாள். "வெளிய எங்கயோ வாய்க்கு ருசியாச் சாப்பிட்டுட்டு வர்றீங்கன்னு நெனச்சேன். அப்பிடி இருந்திருந்தாக்கூடப் பரவாயில்ல." இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவள் வாயில் 'ங்க' உதிர்ந்துபோனது. "என் தம்பிய கயித்துல கட்டி எறக்கினியே. ஒம்போது தடவை. ஒரு தடவைகூட உனக்கு வாய் வரலையா?"

சொல்லிவிட்டு மாடிக்கு ஏறி வந்தாள். கோழி இரண்டையும் ஒரு பையில் போட்டு இறுக்கி முடிந்து, நாய் கிளறாத இடமாகப் பார்த்துக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் குழியருகே நான்கு பேர் நின்றார்கள். மண்வெட்டி, வாளி, கயிறு எல்லாம் ஒழுங்காக இருந்தன. அன்பரசனும் வந்திருந்தான். வரமாட்டான் என்று பெருமாள் நினைத்திருந்தார். அவன் இவர் பக்கம் திரும்பவில்லை. மூடி இன்னும் திறக்கப்படவில்லை.

மானேஜர் பரணிதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். "சீக்கிரம் பெருமாள். பன்னண்டு மணிக்கு ஆடிட்டு. மோந்து பாத்துட்டு எறக்குங்க."

"சார், எனக்கு மூக்கு வேலை செய்யல."

"சளியா?"

"இல்ல சார். நாலு வருஷமா."

நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் இருவர் அன்பரசனுக்கு முன்னால் இதே குழியில் இறங்கியவர்கள். பரணிதரன் ஒரு கணம் முழித்தார். பிறகு பெருமாளின் தோளில் கைபோட்டு நான்கடி தள்ளிக் கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஆனால் இன்னும் பத்தடி தள்ளியும் கேட்கிற குரல் அது.

"நாலு வருஷமா ஒண்ணும் ஆகலைல்ல? அப்புறம் இன்னா? எப்பவும் போல ஒரு வார்த்தை சொல்லுங்க, வேலை முடியட்டும். மத்தது பின்னாடிப் பேசிக்கலாம்."

"சொல்ல மாட்டேன் சார். மீட்டர் வரட்டும்."

பரணிதரன் யோசித்தார். அவர் மோசமான மனுஷர் இல்லை. அவசரத்தில் இருந்த மனுஷர். சட்டென்று முகம் தெளிந்தது. திரும்பி மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். "அன்பரசன் மூக்கு நல்லாத்தானே இருக்குது? அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல. மூடியத் தூக்குங்கப்பா. அவனே மோந்து பாத்துட்டு அவனே எறங்கட்டும்."

அவ்வளவுதான் விஷயம். நான்கு வருஷமாகப் பெருமாள் ராத்திரியும் பகலும் சுமந்த ரகசியத்தை அவர் அரை நிமிஷத்தில் சரிக்கட்டிவிட்டார். ஒரு மூக்கு போனால் இன்னொரு மூக்கு. அது இறங்குகிறவனின் மூக்காகவே இருந்துவிட்டால் ஆள் கணக்கிலும் ஒன்று குறையும். நல்ல மூக்கும் அந்தக் காற்று கொஞ்சம் கூடினால் மரத்துப்போகும், வாசனை நின்றுபோன நேரம்தான் ஆபத்து என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்களே, அதைக் கேட்டவர்கள் இங்கே இரண்டு பேர். ஒருவர் பெருமாள். இன்னொருவர் பரணிதரன்.

இருவர் கம்பியைக் கொண்டு மூடியை நெம்பக் குனிந்தார்கள். பெருமாள் நடந்துபோய் அந்த இரும்பு மூடியின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க பெருமாள். விளையாடாதீங்க."

அவர் எழவில்லை.

"வேலை வேணாமா உங்களுக்கு?"

அதற்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தால் பேரமாகிவிடும், பேரத்தில் ஏதாவது ஒன்றை விட்டுக் கொடுக்க வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும். பரணிதரன் யாருக்கோ போன் போட்டார், ஆங்கிலத்தில் கத்தினார், கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி கத்தினார். வெயில் ஏறியது. இரும்பு சுட ஆரம்பித்தது.

அன்பரசன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு வந்தான். பெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். அடித்தால் அடிக்கட்டும் என்றிருந்தது; ஒருவேளை அதற்காகத்தான் காத்திருந்தாரோ என்னவோ. அடி விழவில்லை. அவன் அவருக்குப் பின்னால் மூடியின் மறுபக்க விளிம்பில், முதுகைக் காட்டி உட்கார்ந்தான். இரண்டு பேர் உட்கார அந்த மூடியில் இடம் போதாது. மாமாவின் முதுகு பட்டதும் சடாரென்று முன்னால் நகர்ந்தான். பாதி உடம்பு மூடியிலும் பாதி உடம்பு மண்ணிலுமாக இருந்தது.

பட்டுவிடாமல் நகர்ந்தானே தவிர, எழுந்து போகவில்லை.